ஊட்டுவது யாருக்காக?



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதிய பழக்கமன்று. கப்பி மீனும் பொன்மீனும் முன்விறாந்தையில் நீந்துவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உளர். ஆனால் கடல்நீர்த் தொட்டி என்பது வேறு. அதிலே வாழும் மீன்களுள் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்பது ஒன்றைத்தான். செம்மஞ்சள் உடலிலே மூன்று வெண்பட்டிகள் கொண்ட கோமாளி மீனே அது. 2003 ஆம் ஆண்டு வெளிவந்த 'பைண்டிங் நீமோ' என்ற கேலிச்சித்திரப் படம் இம்மீனை உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைத்தது. கடலிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, சிட்னி நகரத்துப் பல்வைத்தியர் ஒருவரின் தொட்டியில் அடைபட்ட குஞ்சொன்றைத் தகப்பன் மீன் தேடி மீட்கும் கதை அது. மீனைத் தொட்டியில் அடைப்பதன் துயரத்தைச் சொன்ன கதையைப் பார்த்த பிள்ளைகளே, "எங்களுக்கும் ஒன்று வேண்டித் தாருங்கள்" என்று கேட்கின்றார்கள். மனித மனத்தின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

அப்படி வாங்கி வந்த வீட்டிலே எழுகின்ற முதல் கேள்வி, "இதற்கு என்ன சாப்பாடு கொடுப்பது? எத்தனை தரம் கொடுப்பது?" என்பதாகும். இது சிறிய கேள்விதான். இதற்கான விடையை இக்கட்டுரையின் பிற்பகுதியில் தருவோம். ஆனால் இச்சிறிய கேள்வியின் அடியில் ஒரு பெரிய கேள்வி கிடக்கின்றது. நமது கையை நம்பியிருக்கும் ஓர் உயிருக்கு உணவூட்டும்போது, நாம் உண்மையில் யாருக்காக ஊட்டுகின்றோம்? அந்த உயிருக்காகவா, அல்லது நமக்காகவா?

கடலில் அதன் வாழ்க்கை

இம்மீன் எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கோமாளி மீன்களில் ஏறத்தாழ முப்பது இனங்கள் உள்ளன. படத்தில் வந்த இனம் நமது கடலுக்கு உரியதன்று. ஆனால் அதன் உறவினங்கள் சில நமக்கு அயலிலேயே உண்டு. மன்னார் வளைகுடாவில் செபே என்னும் இனம் வாழ்கின்றது. இலங்கை, மாலைதீவு, இலட்சத்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த கடலுக்கே சிறப்பாக உரிய கருங்கால் கோமாளி மீனும் உண்டு.

இவை முருகைக்கல் பாறைகளின் இடையே, கடலனிமனி எனப்படும் உயிரின் கொட்டும் விரல்களுக்கு நடுவே குடியிருக்கின்றன. பிற மீன்களைக் கொட்டி உணர்விழக்கச் செய்யும் அந்த விரல்கள் இதனை ஒன்றும் செய்வதில்லை. ஓர் அனிமனியில் ஒரு சிறு கூட்டம் வாழும். கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை பருவமடையாதவை. பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறும். முட்டைகளைக் காப்பது பெரும்பாலும் தகப்பனின் வேலை. ஏறத்தாழ ஒரு வாரகாலம் அவற்றுக்குச் செட்டையால் நீர் விசிறி, பழுதான முட்டைகளை அகற்றிக் காவல் செய்யும். ஆனால் பொரித்த குஞ்சுகளுக்கு அது ஒருபோதும் இரை ஊட்டுவதில்லை. அவை நீரோட்டத்தோடு சென்று, தாமே இரை தேடி வளர்ந்து, வேறோர் அனிமனியை அடைய வேண்டும்.

இதன் உணவு என்ன? நீரிலே மிதந்து வருகின்ற மிகச் சிறிய இறாலின உயிர்களும், பாறைகளில் படரும் பாசியும். பகல் முழுவதும் சிறிது சிறிதாகக் கொத்தித் தின்னும். ஒரே வேளையில் வயிறு நிரம்ப விருந்துண்பது அதன் இயல்பன்று. இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. மீனின் உடலிலிருந்து வெளிப்படும் அமோனியா, அனிமனியின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகளுக்கு உரமாகின்றது. கடலிலே ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. அங்கே எதுவும் மிஞ்சிக் கிடந்து நஞ்சாவதில்லை.

தொட்டியில் நடப்பது

இந்த ஒழுங்கிலிருந்து பிரிக்கப்பட்ட மீன்தான் நமது வீட்டுக்கு வந்து சேர்கின்றது. அது பயணப்பட்ட விதத்தையும் எண்ணிப் பாருங்கள். ஏற்றுமதி செய்வோர் மீனைப் பையிலிட்டுக் கட்டுமுன் ஒரு நாளோ இரண்டு நாளோ அதற்கு இரை போடுவதில்லை. இரை போட்டால் அது கழிக்கும், கழித்தால் பையிலுள்ள சிறிதளவு நீர் கெடும், நீர் கெட்டால் மீன் சாகும். ஆகவே வியாபாரி தனது இலாபத்தைக் காக்கவே மீனைப் பட்டினி போடுகின்றான். அந்தப் பட்டினி மீனின் உயிரையும் காக்கின்றது.

பின்பு மீன் வீட்டுக்கு வருகின்றது. புதிய நீர், புதிய வெளிச்சம், கண்ணாடிக்கு வெளியே அசைகின்ற பெரிய முகங்கள். அது ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கின்றது. இரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இது நோயன்று, பெரும்பாலும் அச்சமே. ஆனால் வீட்டார் மனம் பொறுக்குமா? தம்பி ஒரு சிட்டிகை போடுவான். பள்ளிக்கூடத்தால் வந்த தங்கச்சி இன்னொரு சிட்டிகை போடுவாள். "பாவம், ஒன்றும் தின்னவில்லை" என்று அம்மம்மா ஒரு பாண் துண்டை உதிர்த்துவிடுவார். எல்லோரும் அன்பினாலேயே செய்கின்றார்கள். ஆனால் தின்னாத இரை அடியில் தங்கி அழுகுகின்றது. அழுகியதிலிருந்து அமோனியா பிறக்கின்றது. மீனின் பூவிலிருந்தும் இடைவிடாது அமோனியா வெளிவருகின்றது.

பழகிய தொட்டியில் இந்த அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாக மாற்றும். வேறொருவகை அதனை மேலும் மாற்றி, தீமை குறைந்த நைத்திரேற்றாக்கும். ஆனால் இந்த நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் தேவை. புதிதாகத் தொடங்குகின்றவரின் தொட்டியில் அவை இன்னும் போதிய அளவில் இல்லை. அத்துடன் கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. காரமும் வெப்பமும் கூடக் கூட அமோனியாவின் நச்சுப் பங்கு கூடும். நமது நாட்டு வெப்பத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

பூக்கள் எரியத் தொடங்கியதும் மீன் மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். அதனைக் கண்ட பிள்ளை, "பசிக்குது போல, வாயைத் திறக்குது" என்று சொல்லி மீண்டும் இரை போடும். மூச்சுக்குத் தவிக்கும் வாயைப் பசித்த வாயென்று எண்ணிவிட்டோம். எந்தப் பொருளால் அது சாகின்றதோ அதையே மேலும் கொடுக்கின்றோம். மறுநாட் காலையில் மீன் பக்கவாட்டில் மிதக்கின்றது. "எவ்வளவு சாப்பாடு போட்டோம், ஆனாலும் செத்துப்போய்விட்டது" என்று வீடே வருந்துகின்றது. அந்த 'ஆனாலும்' என்ற சொல்லில்தான் தவறு இருக்கின்றது. அவ்வளவு சாப்பாடு போட்டதனால்தான் அது செத்தது.

நல்ல மனம் போதுமா?

இவ்விடத்தில் ஒருவர் கேட்கலாம்: "அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லையே, அன்பினால் செய்தார்கள். அன்பு இருந்தால் போதாதா?"

இக்கேள்வியைச் சிந்திப்போம். அன்பு என்பது மற்றவருக்கு நன்மையை விரும்புதல் என்று அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி அக்குவினாசு நகர்ப் புனித தோமையார் விளக்கினார். இங்கே இரண்டு சொற்கள் முக்கியமானவை. ஒன்று 'மற்றவருக்கு', மற்றது 'நன்மையை'. எனக்கு நன்மையாகத் தோன்றுவதை அவருக்குக் கொடுப்பது அன்பின் தொடக்கம் மட்டுமே. அவருக்கு எது நன்மை என்று கேட்டு, கவனித்து, அறிந்து கொடுக்கும்போதே அன்பு நிறைவடைகின்றது. அறிய மறுக்கும் அன்பிலே விருப்பம் இருக்கும், ஆனால் அது மற்றவரைச் சென்று சேராது.

வரலாற்றில் இதற்கொரு துயரமான சான்று உண்டு. 1945 ஏப்ரல் 15 ஆம் நாள் பிரித்தானியப் படையினர் ஜேர்மனியின் பேர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்தார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த ஆயிரக்கணக்கான மனிதரைக் கண்டு மனமிரங்கி, தம்மிடமிருந்த கொழுப்பு மிகுந்த தகர உணவுகளை எடுத்துக் கொடுத்தார்கள். அதனை உண்டவர்களுள் பலர் மாண்டனர். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென உணவு சேரும்போது இரத்தத்திலுள்ள பொசுபேற்று முதலிய உப்புக்கள் சடுதியாகக் குறைந்து இதயம் தடுமாறும் என்பதை இன்று வைத்தியர்கள் நன்கறிவார்கள். அன்று அந்தப் போர்வீரர்கள் அதனை அறிந்திருக்கவில்லை. அந்த மனிதரின் துன்பத்தை மீனின் துன்பத்தோடு ஒப்பிடுவதற்காக இதனைச் சொல்லவில்லை. இரக்கம் எவ்வளவு உண்மையானதாயினும், அறிவு துணை செய்யாவிடில் அதுவும் கொல்லக்கூடும் என்பதற்காகவே சொல்கின்றோம்.

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதுமில்லை. நமது வலிகாமத்துக் கிணறுகளையே பாருங்கள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழிக்க வேண்டுமென்று அளவுக்கு மிஞ்சி உரமிட்டோம். பயிர் ஏற்றுக்கொண்டது போக எஞ்சியது செம்மண்ணையும் அதன் கீழுள்ள சுண்ணக்கல்லையும் ஊடுருவி, நாம் குடிக்கும் நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்தது. மலசலகூடக் குழிகளின் கழிவும் அதனோடு கூடியது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை கடக்கப்பட்டிருப்பதை 1980கள் முதலாக ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டி வந்துள்ளனர். அத்தகைய நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவும் கூடும். மீன்தொட்டியின் அடியில் நடக்கும் அதே இரசாயனந்தான் நமது தோட்டத்தின் அடியிலும் நடக்கின்றது. எந்தக் கமக்காரனும் தன் பேரப்பிள்ளைக்குக் கேடு நினைத்து உரமிடவில்லை. 'கூடக் கொடுத்தால் கூட நல்லது' என்று எண்ணினான், அவ்வளவே.

நமது கை ஏன் மிஞ்சுகின்றது?

நாம் ஏன் இப்படி அளவு மிஞ்சிக் கொடுக்கின்றோம்? இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது மரியாதைக்குரியது. நமது மக்கள் பசியைக் கண்டவர்கள். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ்ப் பங்கீட்டு வரிசையில் நின்றவர்கள் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்தைவிட்டு வெளியேறி, மழையில் நனைந்த பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் நடந்தவர்கள் உண்டு. 2009 இல் வன்னியில் ஒரு கோப்பைக் கஞ்சிக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. பசியைக் கண்டவரின் கை தாராளமாகத்தான் திறக்கும். 'சாப்பிட்டியா?' என்பதே நமது வீடுகளில் அன்பின் முதற் சொல். அதனைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

இரண்டாவது காரணம் நாம் அறியாமலே உள்ளே ஒளிந்திருப்பது. ஊட்டுவதில் ஓர் இன்பம் உண்டு. மீன் ஓடிவந்து நம் விரல் நுனியில் கொத்தும்போது, 'இது என்னை அறிகின்றது, என்னை நம்புகின்றது' என்ற மகிழ்ச்சி உண்டாகின்றது. அந்த மகிழ்ச்சி தீயதன்று. ஆனால் அந்த மகிழ்ச்சியை மீண்டும் பெறுவதற்காக மீண்டும் இரை போடும்போது, நாம் நமது மனத்துக்கே உணவளிக்கின்றோம். மீன் அதற்கு ஒரு கருவியாகிவிடுகின்றது. உணவு அதன் வாய்க்குச் செல்கின்றது. ஆனால் ஊட்டப்படுவது நாம்தான்.

இதனைச் சோதித்தறிய ஓர் எளிய வழி உண்டு. கொடுக்காதிருப்பதே நன்மை என்று தெரியும்போது, நம்மால் கொடுக்காதிருக்க முடிகின்றதா? கையில் இரையோடு தொட்டியின் முன் இருந்து, 'இன்றைக்கு இது போதும்' என்று மூடியை மூடிவிட முடிகின்றதா? முடியுமாயின், நாம் மீனுக்காகவே ஊட்டுகின்றோம் என்று நம்பலாம்.

'அது வெறும் மீன்தானே!'

இங்கே மற்றொரு குரல் எழும்: "குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் மீன் பிடித்துத்தான் எமது சனங்கள் சீவிக்கின்றார்கள். நாள்தோறும் கூடை கூடையாக மீன் சாகின்றது. தொட்டியில் ஒரு மீன் செத்தால் அதற்கொரு கட்டுரையா?"

நியாயமான கேள்வி. கடற்றொழிலாளி மீனைக் கொல்வது மனிதரின் பசியைத் தீர்ப்பதற்காக. அந்த மீன் கடைசிக் கணம் வரை கடலின் பிள்ளையாகவே வாழ்ந்தது. அதற்கு இரை கொடுக்கும் கடமை அவனுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. தொட்டி மீனோ அப்படியன்று. அது தானாக இரை தேடக்கூடிய கடலிலிருந்து, அல்லது அதனைப் பேணத் தெரிந்தவரின் கையிலிருந்து, நாமே அதனை எடுத்தோம். அதன் நீரும், வெளிச்சமும், வெப்பமும், இரையும் இப்போது நமது கையில். வேறெங்கும் செல்ல வழியில்லாத ஓர் உயிரை நமது கைக்குள் கொண்டுவந்தபோதே, வாய்ச்சொல்லின்றி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டோம். மீனின் விலை சிறிதாக இருக்கலாம். கொடுத்த வாக்கு அதனால் சிறிதாகிவிடாது.

மீனுக்கு நோவு தெரியுமா என்பது பற்றி அறிஞரிடையே வாதம் முடிந்துவிடவில்லை. எனினும் வானவில் திரௌட்டு என்னும் மீனின் முகத்தில் நோவுணரும் நரம்பு முனைகள் உண்டென்று பிரித்தானிய ஆய்வாளர்கள் 2003 இல் எடுத்துக்காட்டினர். அதன்பின் 'அதற்கு ஒன்றும் தெரியாது' என்று துணிந்து சொல்வது எளிதன்று.

திருச்சபையின் போதனையும் இவ்விடயத்தில் இருபக்கமும் நோக்குகின்றது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு ஏற்றதன்று என்றும், மனிதரின் துயர் துடைக்க முதலிற் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்றும் 1992 ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் 2418 ஆம் எண்ணில் போதிக்கின்றது. ஆகவே அயல்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடக் கொப்பிக்கு வழியின்றி இருக்க, நாம் கடல்நீர்த் தொட்டிக்குப் பெரும்பணம் செலவிடுவோமானால், அதனைப் பற்றியும் மனச்சான்றிடம் கேட்க வேண்டும். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலோ, பிற உயிர்கள் நமது பயனுக்காக மட்டும் படைக்கப்பட்டவை அல்ல, இறைவன் முன் அவற்றுக்கும் தமக்கே உரிய மதிப்புண்டு என்பதை நினைவூட்டியது. பாசையூரில் நாம் பெருவிழா எடுக்கும் புனித அந்தோனியார், ரிமினி நகர மக்கள் செவிசாய்க்க மறுத்தபோது கரைக்குச் சென்று மீன்களுக்குப் போதித்தார் என்பது மரபு. அம்மரபைப் போற்றுகின்ற நாம் மீனை வெறும் அலங்காரப் பொருளாக எண்ணலாமா?

வாங்குமுன் கேட்க வேண்டியது

அப்படியாயின் மீன் வளர்க்கவே கூடாதா? அப்படிச் சொல்ல வரவில்லை. ஓர் உயிரைக் கவனித்து வளர்க்கும் பிள்ளை பொறுமையையும் பொறுப்பையும் கற்கின்றது. ஆனால் ஊட்டும் கடமை, வாங்கும் நேரத்திலேயே தொடங்குகின்றது.

இம்மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிலிப்பைன்ஸ் கடலில் 1960கள் முதல் சயனைட்டு நஞ்சைப் பாறையிடுக்கில் பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அது மீனையும் முருகைக்கல்லையும் ஒருங்கே கெடுத்தது. நமது நாட்டில் முருகைக்கற்களை உடைத்து மீனைப் பிடிக்கும் மொக்சி வலை தடைசெய்யப்பட்டுள்ளது. மறுபுறம், கோமாளி மீன் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பெருகக்கூடியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் இதனைச் செய்து காட்டினார். நமக்கு எதிர்க்கரையான மண்டபத்திலும், கேரளத்தின் விழிஞ்சத்திலும் இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களைப் பொரிக்கவைத்து வளர்த்துள்ளன. பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டிக்கும், கையால் போடும் இரைக்கும் பழகியது. அது வந்த சில நாட்களிலேயே உண்ணத் தொடங்கும். கடலில் பிடிபட்டதோ அந்நியமான இரையை உணவென்றே அறியாது பலநாள் தயங்கும்.

இன்னொன்றையும் எண்ணுங்கள். நன்றாகப் பேணினால் இம்மீன் தொட்டியில் இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. முதலாம் வகுப்பில் பிள்ளை வாங்கிய மீன், அப்பிள்ளை பல்கலைக்கழகம் முடித்த பின்பும் உயிரோடிருக்கலாம். 2022 இல் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளிலும் நீருக்குக் காற்றூட்ட உங்களிடம் வழி உண்டா? இவற்றுக்கெல்லாம் விடை சொல்ல முடியாதவர் வாங்காதிருப்பதே மீனுக்குச் செய்யும் நன்மை.

ஊட்டும் முறை

வாங்கிவிட்டவர்களுக்காக, நாம் முன்பு சொன்ன சிறிய விடையை இங்கே தருகின்றோம்.

தொட்டியை முன்கூட்டியே தயார் செய்து, அமோனியா இல்லாத நிலை வந்த பின்பே மீனைக் கொண்டுவாருங்கள். வாங்கும்போது, கடைக்காரரை உங்கள் கண்முன் இரை போடச் சொல்லி, அது தின்கின்றதா, எதைத் தின்கின்றது என்று பாருங்கள். முதல் நாள் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, இரை போடாது விட்டுவிடுங்கள். நலமான வளர்ந்த மீன் சில நாட்கள் உண்ணாமலிருந்தும் பிழைக்கும். அதன் உடல் நம்முடையதைப் போலச் சூடு காக்க வேண்டியதில்லையாதலால் அதற்குத் தேவையான உணவு மிகக் குறைவு.

இரண்டாம் நாள் மிகச் சிறிதளவு போட்டுப் பாருங்கள். ஆட்டீமியா எனப்படும் உப்புநீர் இறாற்பூச்சி நல்லது. உறைந்ததாயின் உருகவிட்டு, அந்த நீரை வடித்துவிட்டுக் கொடுங்கள். கிடையாவிடில், உப்போ தூளோ சேராத பச்சை இறாலைக் கழுவிக் கடுகளவாக அரிந்து கொடுக்கலாம். எந்தத் துண்டும் மீனின் கண்ணைவிடப் பெரிதாக இருக்கலாகாது. பாண், சோறு, பிசுக்கற்று வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்னாததைச் சிறு வலையாலோ குழாயாலோ எடுத்துவிடுங்கள். தின்னவில்லையென்றால் வருந்தாமல், மாலையிலோ மறுநாளோ மீண்டும் முயலுங்கள்.

தின்னத் தொடங்கிய பின், நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும் அளவு போதும். சிறு குஞ்சாயின் அதே அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரை போடுவது வீட்டில் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். போட்டவுடன் கலண்டரில் ஒரு புள்ளி இடுங்கள். மற்றவர்கள் புள்ளியைப் பார்த்துத் தங்கள் கையை அடக்கிக்கொள்ளலாம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்குமானால், இரைப் போத்தலைத் தேடாமல் நீரைச் சோதியுங்கள். அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள கடல்நீரால் காற்பங்கை மாற்றுங்கள். ஒரு கிழமைக்கு மேலாக உண்ணாமல், விரைந்து மூச்சு வாங்கி, தோலில் வெண்மையான சளிப்படலம் தோன்றினால் அது நோய். அறிந்தவரிடம் காலந்தாழ்த்தாமல் கேளுங்கள்.

இவ்வளவுதான். இந்த அறிவுரைகளை மீண்டும் வாசித்துப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவை 'செய்யுங்கள்' என்பன அல்ல. பொறுத்திருங்கள், பாருங்கள், அளந்து கொடுங்கள், எஞ்சியதை எடுங்கள், கையை அடக்குங்கள் என்பனவே. ஊட்டுதல் என்னும் செயலின் பெரும்பகுதி கவனித்தலில்தான் இருக்கின்றது.

பெற்றோரே, இது மீனோடு முடிகின்ற பாடமன்று. வயிறு நிரம்பிய பிள்ளையின் வாயில் இன்னுமொரு கவளம் திணிக்கும்போதும், நீரிழிவுள்ள தகப்பனுக்கு 'இன்றைக்கு மட்டும்' என்று பாயாசம் நீட்டும்போதும், வெளிநாட்டிலிருந்து தம்பிக்குக் கேட்டதெல்லாம் அனுப்பும்போதும், வறியவருக்கு அவர் தேவை என்னவென்று கேளாமலே நமக்கு வேண்டாததைக் கொடுக்கும்போதும் இதே கேள்விதான் எழுகின்றது. கொடுத்தோம் என்ற மனநிறைவோடு நாம் நின்றுவிடுகின்றோமா? பெற்றவருக்கு அது நன்மையாயிற்றா என்று திரும்பிப் பார்க்கின்றோமா?

அடுத்த முறை உங்கள் பிள்ளை இரைப் போத்தலோடு தொட்டியருகே போகும்போது, தடுக்க வேண்டாம். "முதலில் ஒரு நிமிடம் மீனைப் பார். அதற்கு இப்போது என்ன வேண்டுமென்று எனக்குச் சொல். பிறகு போடலாம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை கற்பது அதன் வாழ்நாள் முழுவதும் பயன்படும்.